பழம்பொருள் பக்கம்: தந்தத்துக்குள் ஒரு துரை

கேள்வி: பெரியவர்கள் வைத்திருந்த தேக்குப் பெட்டியில் முட்டை வடிவத்தில் ஒரு சின்னஞ்சிறு வெள்ளைக்காரர் படம் இருக்கிறது. சிவப்புக் கோட்டு, மாவு பூசிய முடி. கண்ணாடியோடு சேர்த்து உயரம் 5 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். வலது ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘ஜே எஸ்’, அதன் கீழே 1788, அதற்கும் கீழே ‘ஐ’ என்று ஒற்றை எழுத்து. வரைந்தவர் யார்? அசல்தானா?
(வாசகர், மேலூர்)

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வரி அடையாளம், மெல்லிய தந்தத் தகட்டில் நீர்ச்சாயத்தால் இப்படிச் சிற்றோவியங்கள் வரைந்த ஜான் ஸ்மார்ட் என்ற ஆங்கிலேய ஓவியருடையது. லண்டனில் பெயர் வாங்கிய பிறகு 1785-இல் சென்னைக்குக் கப்பலேறி வந்து, 1795 வரை இங்கே இருந்தார். ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவையும் அவர் குடும்பத்தாரையும், கும்பினி அதிகாரிகளையும் வரைந்தார். லண்டனில் வரைந்தவற்றில் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டும் மட்டும் இருக்கும். இந்தியாவில் வரைந்தவற்றில் கூடுதலாக அந்த ‘ஐ’ வரும். அது இந்தியாவைக் குறிக்கிறது. 1811-இல் லண்டனில் இறந்தார். அதே பெயருள்ள அவர் மகனும் இந்தத் தொழில்தான். 1809-இல் சென்னையில் இறந்தார். ஆகவே ‘ஜே எஸ்’ என்றவுடன் தகப்பனார்தான் என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. உங்களுடையதில் 1788 என்று இருப்பதால் மகனுக்கு இடமில்லை.

இனி கையெழுத்தை மறந்துவிட்டு முகத்தைப் பாருங்கள். மூன்று எழுத்தைப் போலி செய்ய யாராலும் முடியும். ஸ்மார்ட் வரைந்தது போல ஒரு கீழிமையை வரைய, அந்தக் காலத்திலேயே ஆள் குறைவு.

தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வேலை செய்பவர்கள் கண்ணில் செருகிப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் இருக்கிறதே, அது போதும். ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும்படி படத்தைப் பிடியுங்கள். வெயில் நேரடியாகப் படக் கூடாது. முதலில் கண். அசலில் மேலிமை ஒரு கோடாக இருக்காது. பழுப்புப் புள்ளிகள் நெருங்கி நெருங்கி, தூரத்தில் கோடாகத் தெரியும். கடைக்கண்ணில் சுருக்கம், கண்ணுக்குக் கீழே லேசான பை, உதட்டு மூலையில் சிரிப்பு வருமோ வராதோ என்பது போல ஓர் இழுப்பு: இதெல்லாம் ஸ்மார்ட் விடாமல் எழுதிவைக்கும் விஷயங்கள். ஆளை அழகாக்கிக் காட்டுவதைவிட, உள்ளபடி காட்டுவதில்தான் அவருக்கு ருசி. அடுத்து மூக்கு நுனி. ஒளி விழும் இடத்தில் வெள்ளைச் சாயம் அப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல கைக்காரர் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுவார். தந்தமே அங்கே வெளிச்சம். கோட்டும் பொத்தானும் மட்டும் கெட்டிச் சாயத்தில், கொஞ்சம் மேடாக இருக்கலாம்.

அதே காலத்து இன்னொரு ஓவியர் ரிச்சர்ட் காஸ்வே வரைந்தது என்றால், படத்திலுள்ள ஆள் வேறு மாதிரி தெரிவார். கண் பெரிதாக இருக்கும், சாயம் தண்ணீராக ஓடும், பின்னால் நீல வானமும் மேகமும். ஸ்மார்ட்டின் பின்புலம் பெரும்பாலும் பழுப்பும் சாம்பலும் கலந்து அடங்கி நிற்கும்.

பிறகு உடை. இங்கிலாந்தில் 1795-இல் தலைமாவுக்கு வரி போட்டார்கள். அதன் பிறகு மாவு பூசும் வழக்கம் வேகமாகக் குறைந்தது. ஆகவே 1788-க்கு மாவு பூசிய முடி பொருந்துகிறது. ஆண்டு 1788 என்றிருந்து, முடி குட்டையாக நெற்றிப் பக்கம் வாரியிருந்து, கழுத்துப்பட்டை தாடை வரை ஏறியிருந்தால் கதை பொய். அளவும் பொருந்துகிறது. அந்தப் பத்தாண்டில் இவை 4, 5 செ.மீ. வாக்கில்தான் இருந்தன. அதன் பிறகு மெல்லப் பெரிதாகி, 1830-களில் பத்து செ.மீ.யைத் தாண்டிய செவ்வகங்கள் வந்துவிட்டன.

கடைசியாகக் கையெழுத்து. எழுத்தின் கோடு பின்புலச் சாயத்தோடு ஒட்டிப் படிந்திருக்கிறதா, அல்லது வெடிப்பின் மேலும் அழுக்கின் மேலும் தாவிப் போகிறதா என்று பாருங்கள். வெடிப்புக்குப் பிறகு வந்த கையெழுத்து, ஓவியருக்கும் பிறகு வந்தது.

இத்தனையும் பார்க்க, கண்ணாடியைத் திறக்க வேண்டியதே இல்லை. தயவுசெய்து திறக்காதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு விளிம்பு, கையெழுத்து, இரண்டு கண்கள் என்று ஆறேழு படம் எடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து அளவும் காட்டினால், பார்க்கத் தெரிந்தவர் யாரும் பதில் சொல்வார். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஸ்மார்ட் ஆண்டு குறித்து வரைந்தவை வரிசையாக இருக்கின்றன. அவற்றின் படங்களை இணையத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் உள்ளவை எல்லாம் சாதகமாகத்தான் இருக்கின்றன. முடிவு அந்தக் கீழிமையில் இருக்கிறது.

கேள்வி: எங்களிடமுள்ள படத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்தது போல முத்து முத்தாக நிற்கிறது. வெயிலில் வைத்தும் போகவில்லை. உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டதா?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: முதலில் வெயிலிலிருந்து எடுங்கள்.

அது வெளியிலிருந்து வந்த தண்ணீர் இல்லை, கண்ணாடியே அழுகிறது. பழைய கண்ணாடியில் சிலவற்றில் சோடா அல்லது பொட்டாஷ் காரம் அதிகமாகவும், அதைக் கட்டிப்போட வேண்டிய சுண்ணாம்பு குறைவாகவும் சேர்ந்திருக்கும். காற்றிலுள்ள ஈரம் அந்தக் காரத்தை மேல்பரப்புக்கு இழுத்து வரும். அந்தக் காரம் மேலும் ஈரத்தை இழுக்கும். சாதாரண ஈரமென்றால் ஒரு மணி நேரத்தில் ஆவியாகிவிடும். இது எண்ணெய்த் துளி போல அதே இடத்தில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். நாளாக நாளாகக் கண்ணாடி மங்கி, நுண்ணிய வெடிப்பு விழும்.

ஆபத்து கண்ணாடிக்கு அல்ல, படத்துக்கு. துளி கனத்துக் கீழே விழுந்தால், காரத் தண்ணீர் பிசினில் குழைத்த நீர்ச்சாயத்தின் மேல் விழுகிறது. விழுந்த இடத்தில் சாயம் கரைந்து வட்டம் போடும். அதனால் இப்போதைக்குப் படத்தை முகம் மேலே பார்க்க மல்லாத்தி வைக்காதீர்கள். துளி நேரே முகத்தில்தான் விழும். கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து, மெத்தென்ற துணி மேல் வையுங்கள்.

துடைத்தால் சில மாதத்தில் மறுபடி வரும். மாற்றுக் கண்ணாடி போடுவதே வழி. இதைச் சட்டம் போடும் கடையில் கொடுத்து முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடியையும் தந்தத் தகட்டையும் ஓரத்தில் சுற்றி ஒட்டிய ஒரு மெல்லிய தோல் பட்டை சேர்த்துப் பிடித்திருக்கும். கத்தி ஒரு நூலிழை சாய்ந்தால் தகடு பிளக்கும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள். மூடி தங்கமென்று பத்தரிடம் கொடுத்து உரசிப் பார்க்கச் சொல்வீர்களானால், விளிம்பில் உரைகல்லோடு நிறுத்தச் சொல்லுங்கள். படம் உள்ளே இருக்கும்போது ஊதுகுழல் நெருப்பு அந்தப் பக்கமே வரக் கூடாது.

கேள்வி: முன்னோர் நினைவாக இந்த மாதிரிப் படம் ஒன்றைப் பூஜை அறையில் வைத்திருக்கிறோம். கோட்டின் மேல் சாம்பல் நிறப் பூ பூத்திருக்கிறது. துடைக்கலாமா?
(வாசகி, உசிலம்பட்டி)

பதில்: துடைக்கக் கூடாது. அது பூஞ்சை. சாயத்தைப் பிடித்து வைத்திருப்பது வேலம்பிசின். பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. முகத்தில் சாயம் மெல்லியது. கோட்டில் கெட்டி, பிசினும் அதிகம். அதனால் எப்போதும் கோட்டில்தான் முதலில் பூக்கும். ஈரத் துணி பட்டால் பூஞ்சையோடு கோட்டும் வந்துவிடும். எச்சில் தொட்டுத் துடைப்பது, கொலோன் தடவுவது எல்லாம் அதே கதைதான்.

பூஜை அறை இதற்கு ஆகாத இடம். விளக்கெண்ணெய்ப் புகை, கற்பூரக் கரி, ஈரம் சொட்டும் மாலை. போதாததற்கு மாவுப் பூச்சு போல விபூதியும் படியும். மரியாதையாக ஒரு புகைப்பட நகலை அங்கே மாட்டிவிட்டு, அசலை உள்ளறைக்கு மாற்றுங்கள்.

மதுரைப் பக்கத்தில் எதிரி வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான். தந்தம் மரம் போல ஈரத்தைக் குடிக்கும், விடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு, பின்னால் அட்டையில் ஒட்டியிருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் தகடு சுருங்கும், அட்டை அதே அளவு சுருங்காது. விளைவு, தகடு வில்லாக வளையும் அல்லது மேலிருந்து கீழாக ரேகையோடு பிளக்கும். ஐப்பசி மழையில் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று. இறுக்கமாக மூடும் டப்பா ஒன்று. அதற்குள் சாயமில்லாத பழைய பருத்தித் துணியை நிறையத் திணித்து, நடுவில் படம். பருத்தி ஈரத்தை வாங்கியும் கொடுத்தும் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். 50 முதல் 55 சதவீதம் நல்லது. மருந்துப் பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். காய்ந்த ஜெல் அளவுக்கு மீறி உறிஞ்சும், அன்றைக்கே பிளவு விழும். டப்பாவை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல் வீட்டின் நடு அறையில் வையுங்கள். அந்துருண்டையும் கற்பூரமும் உள்ளே வேண்டாம்.

விளக்குப் போட்ட ஷோகேஸும் வேண்டாம். முகத்தின் சிவப்புக்கு அந்தக் காலத்தில் பயன்பட்ட கார்மைன், பூச்சியிலிருந்து எடுத்த சாயம். வெளிச்சத்தில் அதுதான் முதலில் ஓடும். அது போனபின் நீலமும் சாம்பலும் மட்டும் மிஞ்சி, படத்திலுள்ளவர் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவர் போல ஆகிவிடுவார்.

கேள்வி: தந்தச் சட்டம் போட்ட பிரெஞ்சு ராணி படம் ஒன்று வாங்கினேன். பின்னால் பழைய பிரெஞ்சுப் புத்தகத் தாள் ஒட்டியிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு என்று சொல்லி விற்றார்கள்.
(வாசகர், காரைக்குடி)

பதில்: சட்டத்தை அளந்து பாருங்கள். பட்டைகள் இரண்டேகால் செ.மீ. அகலத்துக்குள்ளேயே இருந்து, நீளவாக்கில் மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால், அவை பழைய பியானோ கட்டைகளிலிருந்து கழற்றிய தந்தத் தகடுகள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பாவில் சுற்றுலாக்காரர்களுக்காகக் குவியல் குவியலாகச் செய்தவை இவை. பின்னால் ஒட்டிய தாள் உண்மையிலேயே பழையதுதான். தாள் பழையது என்பதால் படம் பழையதாகிவிடாது. ராணி, சீமாட்டி, நெப்போலியன் என்று ஊரறிந்த முகமாக இருப்பதும், புரியாத ஒரு பிரெஞ்சுப் பெயர் ஓரத்தில் கிறுக்கியிருப்பதும் இந்த வகையின் வழக்கம். உண்மையான சிற்றோவியத்தில் இருப்பவர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாத ஒரு கணவர், ஒரு மகன், ஒரு கேப்டன்.

படத்தை லென்ஸில் பாருங்கள். கன்னத்தில் ஒரே இடைவெளியில் புள்ளிகள் வரிசையாக, வலை போல நின்றால் அது அச்சு. அதன் மேல் கொஞ்சம் சாயம் தொட்டிருப்பார்கள். புள்ளியே இல்லாமல் நிழல் புகையாக இறங்கினால் அடியில் புகைப்படம். கையால் வரைந்ததில் புள்ளிகள் முகத்தின் வளைவோடு சுழன்று போகும். கன்னத்தில் ஒரு திசை, நெற்றியில் ஒரு திசை.

தகடு தந்தம்தானா என்பதற்கும் ஒரு வார்த்தை. தந்தத்தின் ரேகை நெளியும், இடைவெளி சீராக இருக்காது. செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் தந்தம் போலப் போட்ட கோடுகள் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கும். செல்லுலாய்டு 1870 வாக்கில் வந்த பொருள். அது கெடும்போது அமில ஆவி விடும். பித்தளை மூடியின் உள்பக்கம் பச்சை பிடித்து, பின்தாள் பழுத்துப் பொடியாகும். சூடான ஊசி குத்திப் பார்க்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றும். தந்தமாக இருந்தால் ஓட்டைதான் மிச்சம். இன்னொன்று: சட்டம் அசல் தந்தம் என்றால் அதை வாங்கியதே வில்லங்கம். கடைசிக் கேள்வியையும் படியுங்கள்.

கேள்வி: தந்தத்தில் நூர்ஜகான் படம் இருக்கிறது. மொகலாயர் காலத்ததா?
(வாசகர், வாடிப்பட்டி)

பதில்: இல்லை. முட்டை வடிவத் தந்தத்தில் நூர்ஜகான், மும்தாஜ், தாஜ்மகால் வருவதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் டெல்லியில் பயணிகளுக்கு வரைந்து விற்றவை. மொகலாய அரண்மனை ஓவியர்கள் வரைந்தது தாளில். தந்தத்தில் நீர்ச்சாயம் என்பதே 1700 வாக்கில் வெனிஸில் ரொசால்பா கரியேரா என்ற பெண் ஓவியர் தொடங்கிவைத்தது, வெள்ளைக்காரர்களோடு இங்கே வந்தது. அதற்கு முன் இங்கிலாந்திலும் கன்றுத் தோலைச் சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டித்தான் வரைந்தார்கள்.

கேள்வி: ஓவியம் படிக்கிறேன். இந்த முறையில் ஒரு முகம் வரைந்து பார்க்க ஆசை. எப்படித் தொடங்க?
(மாணவி, மதுரை)

பதில்: தந்தம் வேண்டாம். வழுவழுப்பான வெள்ளை பிளாஸ்டிக் தகடு போதும். பழைய ஓவியர்கள் தந்தத்துக்குச் செய்ததையே இதற்கும் செய்யலாம். மிக மென்மையான நுரைக்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்து, வட்டமாகத் தேய்த்து மினுமினுப்பை எடுங்கள். கழுவிக் காய வையுங்கள். அதன் பிறகு விரல் படக் கூடாது. விரலெண்ணெய் பட்ட இடத்தில் சாயம் முத்தாகத் திரண்டு ஒட்டாது. தந்தத்தில் கூடுதலாக இரண்டு வேலை: எண்ணெய்ப் பசை போக்கி வெயிலில் வெளுக்க வைப்பார்கள். ஒட்டும்போது முகம் வரும் இடத்துக்குப் பின்னால் சிலர் வெள்ளித் தகடு வைப்பார்கள். ஒளி ஊடுருவித் திரும்பும்போது கன்னம் உயிரோடு தெரியும்.

சாயத்தைப் பிசினோடு குழைக்கையில் கல்கண்டுத் தண்ணீர் துளி சேருங்கள். பிசின் மட்டும் என்றால் காய்ந்து வெடிக்கும். கல்கண்டு கூடினால் மழைக்காலத்தில் பிசுபிசுக்கும், எறும்பும் வரும்.

தகட்டுக்கு உறிஞ்சும் குணம் கிடையாது. தாளில் பழகிய கைக்கு இதுதான் முதல் அடி. ஈரத் தூரிகையோடு இரண்டாம் முறை தொட்டால், கீழே போட்டதெல்லாம் கிளம்பி வந்துவிடும். அதனால் தூரிகையைச் சாயத்தில் தொட்டு, ஒரு தாளில் இழுத்து ஈரத்தைப் போக்கி, முக்கால் காய்ந்த நுனியால் மட்டும் தொடுங்கள். முதலில் வெளிர் பழுப்பில் முகக்கோடு. பிறகு பின்புலமும் முடியும் கோட்டும் ஒரு மெல்லிய பூச்சு. இவை நிறத்தை நிறுத்திய பிறகுதான் முகத்துக்கு வர வேண்டும். முகத்தை முதலில் முடித்தால், பின்புலம் இருட்டானதும் முகம் வெளுத்துப் போகும். நிழலில் நீலமும் பழுப்பும் சின்னச் சின்னக் கோடுகளாக, அவற்றுக்கிடையே புள்ளி. ஒரு சுற்று முடித்து முழுக்கக் காயவிட்டு அடுத்த சுற்று. சாயம் திட்டாக விழுந்துவிட்டால் தண்ணீர் விடாதீர்கள். காய்ந்தபின் ஊசி முனையால் சுரண்டி எடுங்கள். பழைய படங்களில் வெள்ளை முடிகளில் சில அப்படிச் சுரண்டியவைதாம்.

முன்னூறு, நானூறு புள்ளி வைத்ததும் அலுப்பு வரும். அங்கே பெரிய தூரிகைக்குத் தாவினால் படம் போச்சு.

கேள்வி: திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த, கண்ணாடி போன்ற தகட்டில் வரைந்த சின்னப் படங்களும் இந்த வகைதானா?
(வாசகர், திருப்பரங்குன்றம்)

பதில்: அது அப்பிரகம், அதாவது மைக்கா. 19-ஆம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் தொழில்காரர், சாமிகள், ஊர்வலம் என்று கட்டுக் கட்டாக வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். சிலவற்றில் ஓர் அட்டையில் முகம் மட்டும் இருக்கும். மைக்காவில் வரைந்த உடைகளை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்தால் அதே முகம் வண்ணானாகவும் சிப்பாயாகவும் மாறும். ஆள் அடையாளத்துக்கு வரைந்த உருவப்படம் அல்ல. மைக்கா ஏடு ஏடாகப் பிரியும். ஓரத்தை நகத்தால் நெருடாமல், ஒவ்வொன்றுக்கும் இடையில் வழவழப்பான தாள் வைத்துப் படுக்கையாக வையுங்கள்.

கேள்வி: தந்தத்தில் வரைந்த படத்தை விற்கலாமா? லண்டனில் இருக்கும் தம்பி, அங்கே ஏலத்தில் போடலாம் என்கிறான்.
(வாசகர், மதுரை)

பதில்: தம்பி சொல்வது அந்த ஊருக்குச் சரி. பிரிட்டனின் தந்தச் சட்டத்தில், 1918-க்கு முன் வரைந்த, 320 சதுர செ.மீ.க்கு மிகாத உருவச் சிற்றோவியங்களைப் பதிவு செய்து விற்க விலக்கு உண்டு. இங்கே இருக்கும் பொருளுக்கு அது உதவாது.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். இருநூறு வருஷப் பழசு என்பது விலக்காகாது. வாரிசு உரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். நாள் தாண்டிவிட்டது என்றால் பெட்டியில் பூட்டி மறைக்காமல், ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுங்கள்.

இதோடு தொல்பொருட்கள் சட்டமும் இருக்கிறது. அதுவும் 1972-தான். நூறு ஆண்டைக் கடந்த ஓவியம் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தம்பி ஊருக்கு வந்து பையில் போட்டுக்கொண்டு போனாலும் ஏற்றுமதிதான். சிற்றோவியங்களை இந்தியத் தொல்லியல் துறையிடம் பதிவு செய்யவும் வேண்டும். பதிவுக்குக் கேட்கும் புகைப்படம், அளவு, வந்த வழி பற்றிய குறிப்பு எல்லாம் உங்களுக்கே பயன்படும். படத்தில் இருப்பவர் யார், யார் மூலம் வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். எழுதிய தாளை டப்பாவுக்கு வெளியே வையுங்கள், படத்தின் பின்னால் ஒட்டாதீர்கள்.